கால் நீட்ட ஒரு கார்

முழங்காலில் இரண்டு தடவை அறுவைச் சிகிச்சை செய்த பிறகு என் மனைவியால் வலது காலை மடக்க முடியவில்லை. எங்கள் சின்னக் காரில் பத்து நிமிடம் இருந்தாலே வலி தொடங்கிவிடும். ஜெர்மனியிலேயே பான் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்கு அவள் போய் ஒரு வருடமாகியிருந்தது.

அதனால்தான் எசன் நகரில் ஒரு வயதான ஜெர்மன்காரர் விற்கவிருந்த பழைய, நீளமான அமெரிக்கக் காரைப் பார்க்கப் போனோம். நான் டயரைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெயைப் பார்த்தேன். கேட்க வேண்டியதைக் கேட்க மட்டும் கூச்சமாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, நான் ஏறி இருந்து பாக்காமல் என்னண்டு வாங்கிறது? கேளுங்கோ, அந்தாள் கடிக்காது" என்றாள் மனைவி.

கேட்டேன். அவர் முன் இருக்கையை முழுவதும் பின்னால் தள்ளி அவளை ஏற்றினார். "பத்து நிமிடம் போதாது, ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்" என்று காரின் திறப்பைத் தந்துவிட்டுத் தான் பின்னால் ஏறிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அவள் காலை நீட்டியபடி நித்திரை. வலி இருந்தால் அவளுக்கு நித்திரை வராது. அவர் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கினார். குசுகுசுவென்றே விலை பேசி முடித்தோம். எனக்குக் குரலை உயர்த்திப் பேரம் பேச வராது. அந்த மனிதர் அதற்குத் தேவை வைக்கவில்லை. அவள் எழும்பும்வரை முற்றத்தில் எனக்குக் கோப்பியும் தந்தார்.

"என்னப்பா, வாங்கியாச்சோ?" என்று கேட்டபடி கண் விழித்தாள்.

"ஓம்."

"அப்ப பிள்ளைக்குப் போன் அடியுங்கோ, ஞாயிற்றுக்கிழமை வாறம் எண்டு."