கையெழுத்து வைக்குமுன் பார்த்த படம்

இன்று கற்பிட்டி டிவிடி கடையில், பேராசை பிடித்த ஒரு கம்பெனியைப் பற்றிய ஆங்கிலப் படம் கேட்டேன். இப்போதுதான் டிவிடியாக வந்திருக்கிறது.

"கண்டக்குழி ராத்தா ஒராள் கொண்டு போயிட்டாங்க மிஸ். சண்டை இல்லாத படம் எண்டு சொல்லியும் கேக்கல்ல," என்றார் கடைக்கார நானா.

நான் நிற்கும்போதே அதைத் திருப்பிக் கொடுக்க அந்தக் கண்டக்குழிப் பெண்ணே வந்தார். அவர்கள் கரைவலை இழுக்கும் கரையை ஹோட்டல் கம்பெனியொன்று குத்தகைக்குக் கேட்கிறதாம். நாளை ஊரார் கையெழுத்து வைப்பதாக இருந்ததாம்.

"படம் விளங்கினதா?" என்றேன்.

"பாஷை விளங்கல்ல மிஸ். வாசிக்காமக் கையெழுத்து வெச்சவன் அழுறது விளங்கிச்சு. எல்லாரையும் கூட்டிக் காட்டினன். எங்கட குத்தகைக் கடதாசியும் இங்கிலீசுதான். தமிழில தாங்க, வாசிச்சிட்டுச் சொல்றம் எண்டு கம்பெனிக்குச் சொல்லிட்டம்."

சினிமா பார்த்து யாரும் திருந்துவதில்லை என்று இந்தச் சினிமாப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். என்னோடு வாதாட நினைப்பவர்களுக்கு இன்று நல்ல நாள்.