பப்படம் காய்ச்சிய கிளச்சு

எங்கள் வீட்டுக் காருக்கு நடுக்கம் கண்டது, அக்காவுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம், வீட்டில் யாருமே அந்நாட்களில் இரண்டையும் பிரித்துப் பேசவில்லை. 'இப்போ எப்படி இருக்கு?' என்று யாராவது விசாரித்தால், எதைக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

கார் அத்தாவுடையது. கொச்சங்காடி மிளகுக் கிடங்கில் அவருக்குக் கூட்டாளியாக இருந்த குஜராத்தி சேட்டு புதுக்கார் வாங்கியபோது பழையதை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். அத்தாவுக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் மச்சான், அதாவது அக்காவின் கணவர். பிரசவத்துக்கு அக்காவைக் கொண்டுவந்து விட்டவர், தன் ஊரான உத்தமபாளையத்துக்குத் திரும்பாமல் எங்களோடேயே தங்கிவிட்டார். இது இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை உத்தமபாளையத்தில் இருக்கிறது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எட்டு வயதில், பிறர் சொன்னதை நம்பும் ரகம் நான். அதற்குப் பிறகும் பெரிதாகத் தேறிவிடவில்லை.

எங்கள் மட்டாஞ்சேரியிலேயே ஆஸ்பத்திரி இருந்தும், எறணாகுளத்து டாக்டரம்மாவிடம்தான் போக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். தோப்பும்படிப் பாலம் ஏறி, காயல் நடுவிலிருந்த தீவைக் கடந்து, தேவரா வழியாகப் போக வேண்டும். காரோ, கிளச்சிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் தடதடவென்று உதறியது. ஓட ஆரம்பித்துவிட்டால் சாதுவாகிவிடும். கிளம்பும்போதுதான் அவ்வளவு ஆர்ப்பாட்டமும்.

"இந்த உதறலுக்குப் புள்ள பாலத்துலயே பொறந்துரும்" என்றார் அம்மா.

மச்சான் ஒர்க்ஷாப் சேட்டனை அழைத்து வந்தார். சேட்டன் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளச்சு விறைக்குந்நுண்டு. அடுத்த ஆழ்ச்ச கொண்டுவா, அழிச்சு நோக்காம்" என்று, அதாவது அடுத்த வாரம் பிரித்துப் பார்க்கலாம் என்று, சொல்லிச் சாயா குடித்துவிட்டுப் போனார்.

மலையாளத்தில் விறைத்தால் நடுங்குகிறது என்று பொருள். உத்தமபாளையத்தில் விறைத்தால் கட்டைபோல் இறுகிப்போனது என்று பொருள். மச்சான் எங்களில் யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் மாமனார் வீட்டில் மாப்பிள்ளை என்பவர் சந்தேகம் கேட்பவரல்ல. இறுகிப்போனதற்கு வைத்தியம் எண்ணெய். அன்று மத்தியானமே காரின் தரைப்பலகையைத் தூக்கி, கிளச்சுப் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றி, அடுக்களையிலிருந்து ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து சிரத்தையாக உள்ளே விட்டார்.

மறுநாள் கார் உதறவில்லை, துள்ளியது. பரிசோதனைக்காகப் பின்சீட்டில் ஏற்றப்பட்ட அம்மாவின் முக்காடு நழுவி, வெற்றிலைப் பெட்டி கவிழ்ந்தது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். படகில் போய்விடலாம் என்றார் அம்மா. மழையில் காயல் கறுத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. டாக்சி சொல்லிவைக்கலாம் என்றார் அத்தா.

"வாடகை வண்டிய நம்பிக் காத்திருக்க முடியாது மாமா. நாந்தான் ஓட்டுவேன்."

மச்சான் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஒரு பழைய காருக்கு இவ்வளவு வீம்பா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அடுத்த வாரம்வரை காத்திராமல் காரைத் தள்ளிக்கொண்டே ஒர்க்ஷாப்புக்குப் போனார்கள். கியர்பாக்சை இறக்கி, கிளச்சுத் தட்டை வெளியே எடுத்த சேட்டன் அதை முகர்ந்து பார்த்தார். ஏற்கெனவே உரசிச் சூடேறியிருந்த தட்டிலிருந்து எங்கள் அடுக்களை மணந்தது.

"இதிலெந்தா, பப்படம் காய்ச்சியோ?"

"விறைக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் மச்சான்.

"அதினு? குளிரில் நிங்ஙள் விறைச்சால் எண்ணெய் குடிக்குமோ?"

அத்தா இருவருக்கும் நடுவில் நின்று அப்பளம் பொரித்ததையும் குளிரில் நடுங்குவதையும் மொழிபெயர்த்தார். சிரிக்காமல் மொழிபெயர்க்க அவர் பட்ட பாடு பெரிது. தட்டின் இருபுறமும் இருந்த லைனிங் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. சேட்டன் புது லைனிங் அடித்து, அது உரசும் இரும்புச் சக்கரத்தைப் பெட்ரோலில் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடைசியில் எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளையும் முறுக்கினார். முதல் நடுக்கத்துக்குக் காரணம் தளர்ந்த அந்தப் போல்ட்டுகள்தானாம். மற்றதெல்லாம் எங்கள் சொந்தக் கைங்கரியம்.

வலி கண்ட அன்று காலையிலிருந்தே மழை. அக்காவும் அம்மாவும் பின்னால்; அத்தா கிடங்குக்குப் போயிருந்தார், என்னை வீட்டில் விட்டுவைக்க ஆளில்லாததால் நான் முன்னால். கார் ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அம்மா துஆ ஓதுவதை நிறுத்தி ஒரு பெருமூச்சு விட்டார். தோப்பும்படிப் பாலத்தின் ஏற்றத்தில் நிற்க வேண்டியதாயிற்று. ஏதோ ஒரு பத்தேமாரிப் பாய்க்கப்பல் போவதற்காகப் பாலத்தின் நடுப்பகுதியைத் தூக்கியிருந்தார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். மச்சான் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலைமையைக் கொஞ்சம் கலகலப்பாக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"மச்சான், கார்தான் நல்லாயிருச்சுல்ல. உத்தமபாளையத்துப் பாப்பாவையும் இதுலயே கூட்டிட்டு வந்துரலாமா?"

பாலம் இறங்கியது. மச்சான் கியரைப் போட்டு, கிளச்சிலிருந்து இடது காலை எடுத்தார். கார் தடதடவென்று உதறியது. நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி உதறியது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். அம்மா கையை நீட்டி மச்சானின் தோளில் வைத்தார். மாமி மருமகனைத் தொடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

"மெள்ள விடுங்க மாப்பிள. இந்தத் தடவ நேரத்துக்குப் போயிருவோம்."

கார் ஏறிவிட்டது.

உத்தமபாளையத்துக்கு நான் முதன்முதலில் போனது என் கல்யாணத்துக்குப் பிறகு. மச்சான் ஏலக்காய் வாங்கப் போயிருந்த ஒரு நாளில் அக்கா வலியோடு வாடகை வண்டிக்காகக் காத்திருந்ததையும், அது வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோனதையும் அங்கேதான் சொன்னார்கள். அந்த வீட்டுத் தொட்டிலில் அந்தக் குழந்தை படுத்ததே இல்லை.

ஆனால் அன்று எறணாகுளத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கிளச்சு மட்டும்தான். உள்ளே அக்காவின் மகன் வீறிட்டு அழுதான். மச்சான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் போய் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

"அந்தச் சேட்டன் சரியாவே பாக்கல மச்சான். இன்னும் விறைக்குது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டணும்."

"ஆமா புள்ள, காட்டணும்" என்றார் மச்சான், உதறும் இடது முழங்காலை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு.