ஓடி வந்து சுட வேண்டும்

ராணுவத்தில் துப்பாக்கி பிடிக்கத்தான் சம்பளம் என்று நம்பிச் சேர்ந்தேன். சம்பளம் ஓடுவதற்கு, துப்பாக்கி கூடுதல் சுமை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. விசில் சத்தம் கேட்டாலே போர்வைக்குள் ஒளியும் சகோதர சகோதரிகளே, நானும் உங்களில் ஒருத்திதான்.

வராத ஏற்றம்

நான் பண்ணைக்காட்டுக்காரி. ஓடிப் பழகியதெல்லாம் மலைச் சாலையில். எவ்வளவு வேகமாக ஓடினாலும் அடுத்த வளைவில் வரப்போகும் ஏற்றத்துக்கென்று கொஞ்சம் மூச்சை ஒதுக்கி வைப்பது எங்கள் வழக்கம். ஆள் எடுப்பு நடந்ததோ கீழே, சமதரையில். ஏற்றம் வரும், வரும் என்று மூச்சைச் சேமித்துக்கொண்டே ஓடினேன். முடிவுக்கோடுதான் வந்தது.

தேறியவர்களில் கடைசி ஆளாகத் தப்பித்தேன். மற்ற பெண்கள் தரையில் விழுந்து கிடக்க, நான் மட்டும் சாவகாசமாக நின்றேன். நேரம் பார்த்த திண்டுக்கல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, மிச்சம் வச்ச மூச்சை வீட்டுக்கா கொண்டு போகப் போற?"

ஓடும் கை

பயிற்சி முகாமில் அந்த மிச்சத்தையும் பிழிந்தார்கள். முதுகில் மூட்டையோடு ஓடி வந்து, படுத்த உடனே சுட வேண்டும். ஓட்டத்தில் நான்தான் முதல். படுத்ததும் நெஞ்சு அடித்த அடியில் துப்பாக்கியே குதித்தது. ஒரு குண்டுகூட இலக்கு அட்டையில் படவில்லை. இன்னும் ஒரே வாய்ப்பு. அதிலும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் மாமா மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். அதை நினைத்து இரவெல்லாம் கட்டிலில் புரண்டேன். பக்கத்துக் கட்டில் ஜெயா, தேனிக்காரி, ஆறுதல் சொல்ல வந்தாள். "நீ நின்னுட்ட புள்ள. ஒங் கைதான் இன்னும் ஓடிக்கிட்டு கெடக்கு."

பழம் மட்டும்

அந்த வாய்ப்புக்கு முன் லீவில் வீட்டுக்கு வந்தேன். அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறாள். நானும் கூடப் போனேன். சரிவின் அடியிலிருந்து உச்சிவரை ஓடுவேன். நின்றவுடன், இரைக்க இரைக்க, கொத்தில் சிவந்த பழத்தை மட்டும் பறிப்பேன். கை நடுங்கியதில் பச்சைக்காயும் சேர்ந்து வந்தது. ஆத்திரத்தோடு கீழே இறங்கி மறுபடி ஓடினேன். நாள் போகப் போக ஒன்று பிடிபட்டது. மூச்சை முழுதாக வெளியே விட்டால், அடுத்தது வருவதற்குள் கை ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. அந்தக் கணம் எனக்குப் போதும். அம்மாவுக்குத்தான் கவலை. "ஏன்டி, பட்டாளத்துல காப்பி பறிக்கவா ஒன்னய எடுத்தாங்க?"

மாமாவின் அவசரம்

சாயங்காலம் மாமா வந்தார். "தோத்துட்டியாமே? பையன் வட்டக்கானல்ல கெஸ்ட் ஹவுஸ் நடத்துறான். வெரசா முடிச்சிருவோம்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னயக் கேக்காமத்தானே பாத்தீங்க மாமா? அதே மாதிரி என்னயக் கேக்காமயே முடியாதுன்னும் சொல்லிருங்க."

அம்மாவின் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். கோபம் வந்தால் அந்த ஊர்ப் பேச்சு எட்டிப் பார்க்கும். அடுப்பைப் பார்த்தபடியே மாமாவிடம் சொன்னாள். "அவ சுடட்டும் தம்பி. பெறகு பேசுவம்."

அட்டை

முகாமுக்குத் திரும்பி மறுபடி ஓடினேன், படுத்தேன். நெஞ்சு பழையபடி அடித்தது. மாமாவின் முகமும் தவறாமல் வந்தது. மூச்சை வெளியே விட்டு, அந்தக் கணத்துக்குக் காத்திருந்து சுட்டேன். அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாமே அட்டையில்!

பயிற்சி கொடுத்த மலையாளி மேடம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே பழகினாய் என்று கேட்டார். "காப்பித் தோட்டத்துல, மேடம்." அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஜெயாவின் குண்டு படாத வெறும் அட்டையைப் பார்த்தார். "அடுத்த லீவுக்கு இவளையும் கூட்டிட்டுப் போ."

உடம்பைப் பழக்கினால் பயம் ஓடிவிடும் என்கிறார்கள். என் பயம் எங்கேயும் ஓடவில்லை, மூட்டையோடு மூட்டையாக என் கூடவே ஓடி வருகிறது, வரட்டும்.