கேரட்டைப் பிளந்த கத்தி

புதிதாக வாங்கிய மடக்குக் கத்தியால் கேரட்டை நறுக்கினேன். பாதி இறங்கியதும் அது 'டப்'பென்று பிளந்து தெறித்தது. அந்தச் சத்தம் என்னைச் செம்பாக்கம் வீட்டுத் துவைக்கும் கல்லருகே கொண்டுபோய் விட்டது.

அப்பாவின் மடக்குக் கத்தியும் அப்படித்தான். காகிதத்தைச் சர்ரென்று கிழிக்கும், கேரட்டை மட்டும் பிளக்கும்.

"கூராத்தானே இருக்கு, அப்புறம் ஏன்டி?" என்ற அக்கா, கத்தி முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "கோடாலி மாதிரி குண்டா இருக்கு. அதான் உள்ள போகாம பிளக்குது."

விடுமுறையில் மூன்று நாள், அப்பா ஆபீஸ் போனதும், அதன் இரு பக்கங்களையும் கல்லில் தேய்த்து மெலியவைத்தோம். கேரட் சத்தமில்லாமல் வட்டம் வட்டமாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கம்போல அதே கத்தியால் பெயின்ட் டப்பா மூடியை நெம்பினார். கத்தி ஒடிந்தது. அது ஏன் குண்டாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

"மட்டமான இரும்பைத் தலைல கட்டிட்டான்!" என்று கடைக்காரரைத் திட்டினார். நாங்கள் நைசாகத் துவைக்கும் கல்லைக் கழுவப் போனோம்.

இப்போது அக்காவுக்குப் போன் செய்தேன். "இதையும் தேய்க்கட்டுமா?"

"தேய்டி. ஆனா அப்பாகிட்ட மூச்சு விடாத. தாம்பரம் மார்க்கெட்ல அந்தக் கடையைத் தாண்டும்போது இன்னும் முறைச்சுட்டுத்தான் போறார்."