நான் சாத்திய ஜன்னல்

அக்ரஹாரத்துக் கிளினிக்கில் நான் இருமியதும் நர்ஸ் ஜன்னலைத் திறந்தாள். தெருவிலிருந்து ஊதுபத்தி வாசனை வந்தது.

சிறுவயதில் எங்கள் வீட்டுப் பின்னறையில் கொள்ளேகாலிலிருந்து வந்த செல்வியக்காவும் அவள் மகளும் எங்களுக்காகக் கூலிக்கு ஊதுபத்தி உருட்டினார்கள். ஜன்னல் திறந்திருந்தால் பத்திக்கான கரித்தூள் வெளியே பறந்து, கொடியில் காயும் என் வெள்ளை யூனிஃபார்மில் படியும். நான்தான் ஓடிப்போய்ச் சாத்துவேன்.

அக்கா ஓயாமல் இருமுவாள். "பத்தி உருட்டுறவங்களுக்கு வர்ற இருமல்தானே" என்பாள் அம்மா.

"சாத்தாத கண்ணு, மூச்சு முட்டுது" என்று ஒருநாள் அக்கா கெஞ்சினாள்.

"என் சட்டை அழுக்காயிடும்" என்று சாத்தினேன்.

அது காசநோய் என்று தெரிந்தபோது மகளும் இருமிக்கொண்டிருந்தாள். அம்மா இருவரையும் வேலையை விட்டு நிறுத்தி, அறையைக் கழுவி, ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள்.

"உங்க வீட்ல யாருக்காவது டிபி இருந்துச்சா?" நர்ஸ் கேட்டாள்.

"எங்க வீட்ல யாருக்கும் இல்ல" என்றேன், தலைநிமிராமல்.