லைன்மேன் வீட்டு மழைக்காலம்

என் கணவர் மின்சார ஆபீசில் லைன்மேன். காற்றும் மழையும் வலுக்கும்போது மற்ற வீடுகளில் ஆண்கள் உள்ளே வந்து கதவைச் சாத்துவார்கள். எங்கள் வீட்டில் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் கிளம்புவார். அதனால் மழைக்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது முழுக்க என் பொறுப்பு. இருபத்தொரு வருடமாக அதைச் செய்துவருகிறேன். இப்போது அது எனக்குப் பிடித்த வேலையாகவே ஆகிவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் மலையாளத்து எல்லைக்குள் தமிழ் பேசுகிற கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அங்கே ஆடியில் காற்றுதான் அடிக்கும். மழை எங்களைத் தாண்டிப் போய்விடும். இரண்டு தூறல் விழுந்தால் சந்தோஷப்படுகிற ஊர். அவருக்கு ஏலப்பாறைக்கு மாற்றல் வந்தபோது, மழை என்றால் என்ன என்று தெரியாமல்தான் மலையேறினேன். வந்த முதல் ஜூன் மாதத்தில் ஒருநாள் கிரைண்டரில் அரிசி பாதி அரைபட்டுக்கொண்டிருக்கும்போது கரண்டு போனது. அவர் போனார். மூன்றாம் நாள்தான் திரும்பினார். வீட்டில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. மறுநாள் கேஸ் தீர்ந்தது. வெளியே அடுக்கியிருந்த விறகு ஊறிப்போய்ப் புகைந்ததே தவிர எரியவில்லை. கைக்குழந்தைக்குப் பாலைக் காய்ச்ச முடியாமல் பக்கத்து வீட்டுக்கு நனைந்துகொண்டே ஓடினேன். அந்த மூன்று நாளில் கற்றுக்கொண்டதைத்தான் இன்றுவரை செய்கிறேன்.

பங்குனி வெயில் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுவேன். முதலில் கப்பைக்கிழங்கு, அதாவது மரவள்ளி. தோலுரித்து, வில்லை வில்லையாக நறுக்கி, அரைவேக்காட்டில் வடித்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பாறையில் பாய் விரித்துக் காயவைப்பேன். கையில் அள்ளிப் போட்டால் கலகலவென்று சத்தம் வரவேண்டும். அந்தப் பதத்தில் தகர டின்னில் போட்டு மூடினால் ஆறு மாதம் கெடாது. அப்புறம் மில்லுக்குப் போய் மிளகாய், மல்லி, புட்டுக்கு அரிசி எல்லாம் திரித்து வைத்துக்கொள்வேன். மிக்சியை நம்பி மழைக்காலத்தில் சமைக்க முடியாது. வெளிக்குழாய் அடியில் கிடக்கும் அம்மியைத் தேய்த்துக் கழுவி அடுப்படிக்குள் கொண்டுவருவேன். விறகுக்கு, எஸ்டேட்டில் பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடியின் கட்டைதான் நல்லது. தீ கொஞ்சம் பிடித்தாலும் நின்று எரியும். அதை அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கிவிட்டால் புகையிலேயே காய்ந்துகொண்டிருக்கும். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புத்தகம், கரண்டு பில் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில். அவருக்குப் பிரஷர் மாத்திரை ஒரு மாதத்துக்கு. அவருடைய பைக்குள் ஒரு சின்னத் துணி முடிச்சில் உப்பு. மரக்காட்டுக்குள் கம்பியைத் தேடிப் போகிறவருக்கு அட்டைக்கடிக்கு அதைவிட மருந்து கிடையாது.

வீட்டுக்காக அவர் செய்வது ஒன்றே ஒன்று. மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக் கூரையில் ஏறித் தகரத்தை முறுக்குக் கம்பியால் இழுத்துக் கட்டுவார். கீழே நின்று கம்பியை எடுத்துக் கொடுக்கும்போது நான் ஒவ்வொரு வருடமும் கேட்பேன்.

“ஏனுங்க, ஒரு இன்வெர்ட்டர் வாங்கி வெச்சா என்னுங்க?”

“லைன்மேன் ஊட்டுல இன்வெர்ட்டரா? ஊரே சிரிக்கும் புள்ள. அவனுக்கே அவன் வேலை மேல நம்பிக்கை இல்லீன்னு.”

நான் அடுத்த கம்பியை எடுத்துக் கொடுப்பேன்.

ஆனால் லைன்மேன் வீடு என்பதால் எனக்கு வேறொரு தொந்தரவு உண்டு. கரண்டு போன பத்தாவது நிமிடத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். எப்போது வரும் என்று எனக்குத் தெரியும், சொல்லாமல் மறைக்கிறேன் என்பது அவர்கள் நினைப்பு. ஒருமுறை ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல் “சாயங்காலம் வந்துரும்” என்று சொல்லிவிட்டேன். வந்தது மறுநாள் மத்தியானம். அவள் ஃப்ரிட்ஜில் வைத்திருந்த மீன் கெட்டுப்போனதை இரண்டு வருடம் சொல்லிக் காட்டினாள். அதிலிருந்து யார் கேட்டாலும் “தெரியாதுங்க” என்பதுதான் பதில்.

நான் சொல்லவந்தது மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. அது ஜூலை மாதம். மகள் அதற்குள் கோயமுத்தூருக்குப் படிக்கப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மூன்று நாளாக மழை விடவே இல்லை. நாலாம் நாள் காலையில் காற்றும் சேர்ந்துகொண்டது. நான் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். பல்பு இரண்டு தடவை மங்கி எரிந்தது. சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்து பூட்ஸைப் போட ஆரம்பித்துவிட்டார். மிக்சி நிற்பதற்கும் அவருடைய போன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

“தோசையாவது தின்னுட்டுப் போங்க.”

“சுருட்டிக் குடு. ஜீப்புல தின்னுக்கறேன்.”

நாலு தோசையைப் பொடி தடவிச் சுருட்டிக் கொடுத்தேன். மழைக்கோட்டுக்குள் அதை வைத்துக்கொண்டு போனார். மீதித் தேங்காயை அம்மியில் அரைத்தேன்.

அன்று மத்தியானம் பெரிய சத்தம் கேட்டது. மரம் என்று நினைத்து ஜன்னல் வழியே பார்த்தால், எங்களுக்குக் கீழே இருக்கிற வீட்டின் அடுப்படிக் கூரையில் தகரம் ஒன்று இல்லை. அது கீழே தேயிலைச் சரிவில் கிடந்தது. அந்த வீட்டில் இருப்பவள் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள், என்னைவிட இரண்டு வயது இளையவள். புருஷன் இறந்து ஆறு வருடம். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நான் குடையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் மேலே ஏறி வந்துவிட்டாள். தலையில் சாக்கு, ஒரு கையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பைபிள், இன்னொரு கையில் காலைக் கட்டிய கோழி.

“யக்கா, அடுப்படி பூரா தண்ணி. ரெண்டு நாள் இங்கன கெடந்துக்கிடுதேன்.”

“கேட்டுக்கிட்டா நிப்ப? உள்ள வா முதல்ல. அந்தக் கோழி நடுங்குது பாரு.”

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி, “அண்ணன் எப்ப கரண்டு வரும்னு எதும் சொன்னாவளா?” என்பதுதான். நான் அவளைப் பார்த்தேன். அவளே சிரித்துவிட்டாள்.

அப்புறம் நாலு நாள் அவள் என் வீட்டில் இருந்தாள். மழையில் அடைந்து கிடந்த அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைவாக இருக்கிறது. எஸ்டேட்டில் வேலை இல்லை, கரண்டு இல்லை, டிவி இல்லை. காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் நாள் முழுக்க அணையவிடமாட்டோம். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி ஈரத்துணியை எல்லாம் போட்டோம். எல்லாத் துணியிலும் புகை வாசம். டின்னிலிருந்து கப்பையை எடுத்து ஊறவைத்து அவிப்போம். அவள் கருவாட்டைச் சுட்டு, சின்ன வெங்காயமும் காந்தாரி மிளகாயும் வைத்து அம்மியில் நசுக்கி, சம்மந்தி என்கிற துவையல் பண்ணுவாள். அவளுடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். அவள் கையில் எதுவும் காரமாகத்தான் வரும். கண்ணிலும் மூக்கிலும் தண்ணி ஊற்ற இரண்டு பேரும் அதைத் தின்றோம். அவள் ஜெபம் பண்ணும்போது நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். நான் சாமி விளக்கு ஏற்றும்போது அவள் தீப்பெட்டியை எடுத்துக் கொடுப்பாள். கோழி பரணுக்கு அடியில் ஒரு கூடையில் படுத்து, இரண்டாம் நாள் ஒரு முட்டையும் வைத்தது.

அவரைப் பற்றிய கவலை இல்லை என்று சொல்லமாட்டேன். தினமும் ஒருதடவை கூப்பிட்டு “நல்லா இருக்கறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுவார். பேட்டரி தீரக்கூடாதென்று நானும் நீட்டமாட்டேன். அந்த ஒரு வார்த்தை வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் அதைக் கவனித்துவிட்டு வேறு பேச்சை எடுப்பாள்.

அவள் வந்த மூன்றாம் நாள் காலையில் மழை கொஞ்சம் குறைந்தது. எதிர் மலையில் தேயிலைத் தொழிற்சாலையின் மெஷின் சத்தம் கேட்டது. மேல்வீட்டில் டிவி பாடியது. கரண்டு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சுவிட்சைப் போட்டால் எரியவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தேன். கரண்டு போஸ்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற கம்பி அறுந்து, செம்பருத்தி வேலியில் தொங்கிக்கொண்டு கிடந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பது இதைப் பற்றித்தான். கம்பி விழுந்து கிடந்தால் அது செத்த கம்பி என்று நினைக்கவே கூடாது. நான் தூரத்திலேயே நின்று அவளைக் கூப்பிட்டேன். பாதையில் இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டுச் சிவப்புத் துண்டை விரித்தோம். அந்தப் பக்கம் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு காவலுக்கு நின்று, ஆடுகளையும் ஆட்களையும் திருப்பி அனுப்பினாள். நான் உள்ளே வந்து ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டேன். அவர் எங்கேயோ காட்டுக்குள் போஸ்ட் நட்டுக்கொண்டிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

தொண்டை கட்டிப்போன ஒரு குரல் எடுத்தது. அங்கே தகரக்கூரையில் மழை விழுகிற இரைச்சல். வீட்டுக்கு வருகிற கம்பி அறுந்து கிடக்கிறது என்று மலையாளத்தில் சொன்னேன். அந்தக் குரலும் மலையாளத்திலேயே கன்ஸ்யூமர் நம்பரைக் கேட்டது. பில்லைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசி எண்ணைச் சொன்னதும் அந்தக் குரல் தமிழுக்கு மாறியது.

“ஏம்புள்ள, அது நம்மூடா?”

போனை இன்னும் காதோடு அழுத்தினேன்.

“நீங்களாங்க? கொரல் ஏனுங்க இப்படி இருக்குது?”

“மூணு நாளா மழையில கத்திக் கத்திப் போச்சு. போன் பாக்கறவன் தூங்கட்டும்னு நான் உக்காந்திருக்கறேன். கம்பிக்கிட்ட யாராச்சும் போனாங்களா?”

“இல்லீங்க. ரெண்டு பக்கமும் மறிச்சு நிக்கறோம்.”

“நில்லு. அந்த லைனை இப்பவே ஆஃப் பண்ணச் சொல்றேன். ஆனாலும் தொட்டுப்போடாத.” பக்கத்தில் யாரிடமோ அதைச் சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தார். “இன்னைக்கு வர முடியாது புள்ள. ஆஸ்பத்திரி லைன் இருக்குது, தண்ணி பம்ப்பு இருக்குது. ஒரு ஊட்டுல படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடோணும். அப்பறம் நமக்கு முன்னாலயே நோட்டுல ஒரு பக்கம் நெறையப் பேர் எழுதிக் கெடக்குது.”

“சரீங்க. கடைசியிலயே எழுதிக்குங்க. சாப்பிட்டீங்களா?”

“பன்னு தின்னேன்.”

வெளியே போய் அவளிடம் சொன்னேன். அவள் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரி சிரி என்று சிரித்தாள்.

“கட்டுன புருசங்கிட்டயே கம்ப்ளெய்ண்டு எழுதி வச்சிட்டு வரிசையில நிக்குதியளே யக்கா.”

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளே திரும்பி வந்து அடுப்பின் முன்னால் உட்கார்ந்தபோது கண் கலங்கிவிட்டது. வருத்தம் இல்லை. நம் வீட்டை முதலில் பார்த்துவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவரும் கூட வேலை பார்க்கிற இரண்டு பேரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நேராகப் போஸ்டுக்குப் போய், கையுறையைப் போட்டு, லைன் ஆஃபாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து ஏறினார். மற்ற வீடுகளில் எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தார். நானும் வாசலில் மற்ற வீட்டுப் பெண்கள் நிற்பதைப்போலவே நின்றேன். ஒருமணி நேரத்தில் எங்கள் அடுப்படி பல்பு எரிந்தது. மூன்று பேருக்கும் பால் இல்லாத கட்டங்காப்பியும் கப்பையும் கொடுத்தோம். கூட வந்தவர்களில் ஒருவர் கருவாட்டுச் சம்மந்தியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

அதன் பிறகு அவருக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்திருந்தார்கள். குளித்துவிட்டுப் படுத்தவர் மறுநாள் பத்து மணிவரை அசையவில்லை. நடுவில் நன்றி சொல்ல வந்தவர்களை எல்லாம் அவள் வாசலிலேயே நிறுத்தி, “அண்ணன் ஒறங்குதாவ, சத்தம் போடாதீக” என்று திருப்பி அனுப்பினாள்.

எழுந்ததும் அவள் வீட்டுக் கூரையைப் பார்க்கப் போனார். தேயிலைச் சரிவில் கிடந்த தகரத்தை மூன்று பேருமாக மேலே இழுத்துக்கொண்டு வந்தோம். ஒரு ஓரம் மடங்கியிருந்தது. சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். அவர் மேலே ஏறி உட்கார, நான் கம்பியை எடுத்துக் கொடுக்க, அவள் ஆணி எடுத்துக் கொடுத்தாள். லேசாக வெயில் அடித்தது. பாதி வேலையில் மறுபடியும் தூறல் ஆரம்பித்தது.

“எறங்குங்க, நனையறீங்க.”

“நாலு நாளா நனையாததா? அந்தக் கம்பிய எடு.”

முடித்துவிட்டுத்தான் இறங்கினார். அவள் கோழியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் அவள் வீட்டு அடுப்படியிலிருந்து புகை கிளம்பியதை மேலிருந்து பார்த்தேன்.

அடுத்த பங்குனியிலிருந்து நாங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே தயார் செய்கிறோம். கப்பையை ஒன்றாக அவித்து, ஒரே பாறையில் காயவைத்துப் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்கிறோம். விறகும் ஒரே லோடாக இறக்குகிறோம். மே மாத ஞாயிற்றுக்கிழமையில் அவர் இரண்டு கூரையில் ஏறுகிறார். இந்த வருடம் அவள் மகனும் திருப்பூரிலிருந்து வந்து கூட ஏறினான். வேலை முடிந்து நாலு பேரும் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் அரைத்த துவையலைத் தொட்டு வாயில் வைத்துவிட்டு, அவர் தண்ணிச் சொம்பைத் தேடினார்.