வெள்ளைக் கொடி பிடித்த நேசன் அண்ணை

நேசன் அண்ணை இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு வந்தது. அவருடைய மகள் மதுரா அனுப்பியிருந்தாள்: "அப்பா விடிய ஆறு மணிக்குப் போயிட்டார். பிறகு கதைக்கிறன் அக்கா." மதுராவும் நானும் ஜெர்மனியின் பான் நகரில் ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறோம். அன்று அவளுடைய நாற்காலி காலியாக இருந்ததற்கு வேறு காரணம் இருக்குமென்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கூட்டத்தின் நடுவில் இருந்ததால் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். கூட்டம் முடிந்த பிறகு வெளியே வந்து அந்தச் செய்தியை இன்னொரு தடவை வாசித்தேன். இதயம் பலவீனமாகிவிட்டது என்று மருத்துவர்கள் ஆறு மாதங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். எதிர்பாராத மரணம் என்று சொல்ல முடியாது.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரை ட்ராம் ஓட்டுநராக அறிந்தவர்கள். முப்பது வருடங்கள் இந்த நகரத்தில் ட்ராம் ஓட்டினார். ஓடிவரும் ஆளுக்காகக் கதவைத் திறந்துவைத்ததற்கும், ஓடிவராத ஆளுக்குத் திறக்காததற்கும் அவரைத் திட்டியவர்கள் உண்டு. வேறு சிலர் அவரோடு முந்நூற்றிநாலு சீட்டாட்டம் விளையாடியவர்கள். அவர் சீட்டில் கள்ளம் செய்வார் என்பது உங்களுக்குத் தெரியும். பிடிபட்டால் சிரிப்பார், பிடிபடாவிட்டால் மறுநாள் தானே சொல்லிச் சிரிப்பார். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது எல்லோரையும் உத்தமராக்கிவிடும் பழக்கம் எனக்கு ஒத்துவராது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அவரை அறிந்தது உங்களில் அதிகம் பேர் பார்த்திராத ஓர் இடத்தில். மதுரா கல்யாணம் செய்த கீரன் அயர்லாந்துக்காரன். பெயரைக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளை எந்த ஊர், எந்தப் பகுதி என்று விசாரித்த உறவினர்கள் கல்யாணத்தன்று அவனைக் கண்டு திகைத்ததாகச் சொல்வார்கள். கீரன் இங்கே ஒரு ஹர்லிங் கழகத்தின் அணித்தலைவன். ஹர்லிங் அவர்களுடைய பழைய விளையாட்டு. வளைந்த மர மட்டையால் சிறிய தோல் பந்தை அடிப்பார்கள். கோல் கம்பங்கள் ஆங்கில H எழுத்தைப் போல நிற்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. மேலே, இரண்டு கம்பங்களுக்கும் நடுவால் போனால் ஒரு புள்ளி.

ஜெர்மனியில் ஐந்து பேர் சேர்ந்து நடந்தாலே அதைக் கழகமாகப் பதிய வேண்டும். பதிந்தால் கூட்டக் குறிப்பு எழுத ஓர் ஆள் வேண்டும். மதுரா என்னைப் பிடித்துக் கொடுத்தாள். எனக்கு விளையாட்டில் ஆர்வம் இல்லை, குறிப்பு எழுத வரும். மருமகனின் ஆட்டத்தைப் பார்க்க வந்த நேசன் அண்ணைக்கு ஒரு வெள்ளை மேலங்கியும் இரண்டு கொடிகளும் கொடுத்தார்கள். அவர் கோல் நடுவரானார். ஒவ்வொரு கம்பத்தின் பின்னாலும் ஒருவர் நிற்பார். புள்ளி என்றால் வெள்ளைக் கொடி, கோல் என்றால் பச்சைக் கொடி, வெளியே போனால் இரண்டு கைகளையும் விரிக்க வேண்டும்.

"முதல் நாள் இவங்களைக் கண்டிட்டு, ஆரையோ அடிக்கத்தான் மட்டையோடை வந்திருக்கிறாங்கள் எண்டு நினைச்சன் பிள்ளை," என்றார் ஒரு தடவை. "இப்ப?" என்று கேட்டேன். "இப்பவும் அப்பிடித்தான். ஆனா ஆருக்கு அடிக்கிறாங்கள் எண்டு விளங்குது."

சின்னப் போட்டிகளில் கோல் நடுவர்களை வெளியிலிருந்து வரவழைக்க வசதி இல்லை. அதனால் ஒவ்வொரு கோலிலும் ஒரு கம்பத்துக்கு நம் கழகத்து ஆள், மற்றக் கம்பத்துக்கு எதிர்க் கழகத்து ஆள். பந்து யாருடைய கம்பத்துப் பக்கமாகப் போகிறதோ அவர் சொல்வதுதான் முடிவு. மற்றவர் வாய் திறப்பதில்லை. வெளியாள் ஒருவருக்கு இது அபத்தமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. தன் பக்கத்துக்குச் சாய்வதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு உண்டா என்று நேசன் அண்ணையிடமே கேட்டிருக்கிறேன். "வசதி இருக்கு. அதுக்காக?" என்றார்.

மூன்று வருடங்களுக்கு முன், இடைநிலைப் பிரிவுக் கழகங்களுக்கான பிராந்தியச் சம்பியன் போட்டி நடந்தது. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய போட்டி அது. எங்கள் கழகம் அதில் ஒரு தடவைகூட முதல் சுற்றைத் தாண்டியதில்லை. கீரனுக்கு அப்போது முப்பத்தாறு வயது, வலது முழங்கால் தேய்ந்திருந்தது. இதுதான் தன் கடைசிப் பருவம் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். முதல் சுற்றில் எதிரணி தெற்கேயிருந்து ஆறு மணி நேரம் வான் வண்டியில் வந்தது. முன்னைய நாள் மழை பெய்து கோல்களின் பின்பக்கம் சேறாகிக் கிடந்தது. ஆனால் காற்று இல்லை.

கடைசி நிமிடத்தில் இரண்டு அணிகளும் சமம். எதிரணியின் தவறு ஒன்றுக்காகத் தூரத்திலிருந்து ஒரு தனி அடி எங்களுக்குக் கிடைத்தது. கீரன் அடித்தான். பந்து கம்பத்தின் உச்சியையும் தாண்டி மிக உயரமாகப் போனது. நேசன் அண்ணையின் கம்பம். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வெள்ளைக் கொடியைத் தூக்கினார். ஆட்டம் முடிந்தது. வளர்ந்த மனிதர்கள் சேற்றில் விழுந்து புரண்டதை அன்றுதான் பார்த்தேன். கீரன் மாமனாரைத் தூக்கிச் சுற்றினான். "விடடா, இடுப்பு போகப்போகுது!" என்று அவர் கத்தியது மைதானத்தின் மறுபக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு அணிகளும் கழக அறையில் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் என்னை வெளியே கூப்பிட்டார். கம்பங்களைக் கழற்றப் போயிருந்தார். சப்பாத்து முழுக்கச் சேறு.

"பிள்ளை, அந்தப் புள்ளி பிழை."

"எந்தப் புள்ளி?"

"கடைசிப் புள்ளி. என்ரை கால்தடம் சேத்திலை இருக்கு. கம்பத்துக்கு நேரை இல்லை, ஒரு அடி உள்ளுக்கு. கோல் காக்கிறவனுக்குக் குடுக்க உதிரிப் பந்து ஒண்டை எடுக்க நகர்ந்தனான், திரும்பி வராமல் அங்கையே நிண்டு பாத்திட்டன். உள்ளுக்கு நிண்டு பாத்தால் வெளியாலை போற பந்தும் உள்ளுக்குப் போற மாதிரித்தான் தெரியும். பந்து பின்வேலியிலை கிடக்கு. போய்ப் பாரும், அவன் அடிச்ச இடத்திலை இருந்து கம்பத்துக்கு நேரை பிடிச்சால் ரெண்டு அடி வெளியிலை."

பிரதான நடுவர் அறிக்கையில் கையெழுத்திட்டுவிட்டார், விதிப்படி முடிவு முடிவுதான், இனிச் சொல்லி யாருக்கும் பயனில்லை என்று நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நான் உம்மட்டை அனுமதி கேக்கேல்லை. அவங்களுக்கு இங்கிலீசிலை சொல்லோணும். எனக்கு அவ்வளவு வராது. சொல்லித்தர ஏலுமோ, ஏலாதோ?"

ஏலாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே போனோம். அவர் மேசையின் ஒரு முனையில் நின்று தமிழில் சொன்னார்: "நான் கம்பத்துக்கு நேரை நிக்கேல்லை. அந்தப் பந்து வெளியிலை போனது. நான் காட்டினது பிழை." நான் அதை ஆங்கிலத்தில், அவருக்குக் கடைசிப் புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது என்று சொன்னேன். மரியாதையாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். நம் அணிக்கு ஒரு வழி விட்டுவைத்தேன் என்பதும் உண்மை.

முப்பது வருடம் ட்ராமில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கியவருக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

"சந்தேகம் எண்டு நான் சொல்லேல்லையே," என்றார், எல்லோர் முன்னாலும். "பிழை எண்டு சொன்னனான். சொன்னதைச் சொல்லும்."

சொன்னேன். எதிரணித் தலைவன்தான் முதலில் பேசினான். தாங்கள் இன்னும் ஆறு மணி நேரம் போக வேண்டும், இதை மறந்துவிடுவோம் என்றான். கீரன் எழுந்து வெளியே போய்விட்டான்.

மூன்று நாள் கழித்துக் கழகக் கூட்டம். புள்ளியை எடுத்துவிட்டால் ஆட்டம் சமநிலை. சமநிலை என்றால் இருபது நிமிட மேலதிக ஆட்டம். அந்த இருபது நிமிடத்தை விளையாட நாங்களே தெற்கே வருகிறோம் என்று எழுதலாமா என்பதுதான் கேள்வி. கிழவனுக்குக் கண் தெரியாவிட்டால் கொடியை ஏன் கொடுத்தீர்கள் என்று ஒருவன் கேட்டான். நேசன் அண்ணை அந்த அறையில்தான் இருந்தார். கடைசியாகக் கீரனைக் கேட்டார்கள்: அடித்தது நீ, உனக்கு உள்ளே போனதாகத் தெரிந்ததா?

"நான் பந்தைப் பார்க்கவில்லை. கொடியைத்தான் பார்த்தேன்," என்றான். பிறகு, மட்டையில் பட்டபோதே அது சரியாக இல்லை என்று தோன்றியது என்றும் சொன்னான்.

பதினொரு பேர் போவோம் என்றார்கள், எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். அதைக் குறிப்பில் எழுதியது நான்தான். போட்டிக் குழு, இரு கழகங்களும் சம்மதித்தால் தமக்கு ஆட்சேபணை இல்லை என்றது. இருபது நிமிட ஆட்டத்துக்கு இரண்டு வான்களில் ஆறு மணி நேரம் போனோம். போகும் வழியில், இனிக் கொடி பிடிக்கமாட்டேன் என்று நேசன் அண்ணை சொல்லிக்கொண்டு வந்தார். அங்கே இறங்கியதும் எதிரணித் தலைவன் வெள்ளை மேலங்கியோடு வந்து நின்றான். "அவர்தான் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் விளையாட மாட்டோம்," என்றான். இதை நான் மாற்றாமல் அப்படியே தமிழில் சொன்னேன்.

"கொழுப்பைப் பார்," என்றுவிட்டு அவர் மேலங்கியை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது பாதியில் எதிரணியின் பந்து ஒன்று அவருடைய கம்பத்துக்கு மேலால், உயரமாக, அதே மாதிரி வந்தது. அவர் கம்பத்தில் மூக்கு முட்டுமளவுக்கு நேராக நின்றிருந்தார். அண்ணாந்து பார்த்தார். வெள்ளைக் கொடி ஏறியது. அந்த ஒரு புள்ளியால் தோற்றோம்.

திரும்பி வரும் வழியில் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் நிறுத்தியபோது கீரன் மாமனாருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தான்.

"மாமா, அது உள்ளே போனதா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

"ஓம். நல்லா உள்ளை."

"சரி," என்றான். அவ்வளவுதான். அந்தக் குளிர்காலம் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்தான், பிறகு விளையாடவில்லை. போட்டியின் முதல் சுற்றை அவன் தாண்டவே இல்லை. கழகத்தை விட்டு மூன்று பேர் போனார்கள். கையில் இருந்த வெற்றியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று அவர்கள் சொன்ன காரணத்தை முட்டாள்தனமானது என்று என்னால் சொல்ல முடியாது. சீட்டில் கள்ளம் செய்கிற ஆளுக்கு இதில் மட்டும் என்ன பிடிவாதம் என்று நான் பின்னொரு நாள் கேட்டேன். "சீட்டிலை எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டு இருக்கிறாங்கள் பிள்ளை. கம்பத்தடியிலை என்னை நம்பிக்கொண்டு இருக்கிறாங்கள்," என்றார்.

தகனத்துக்கு டேர்மின், அதாவது பதிவு நாள், கிடைக்க ஒன்பது நாள் ஆனது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பேசிய எல்லோரும் அவருடைய நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் கீரன் எழுந்தான். உறவினர்களுக்கு விளங்கட்டும், தமிழில் சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டான். நான் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் எழுதி வைத்திருக்கவில்லை. மாமா தனக்கு ட்ராம் பாதைகளையும் சீட்டு விளையாட்டையும் கற்றுத் தந்தார் என்றான். பிறகு, அந்தப் போட்டிக்காகத் தனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றான்.

முன்வரிசையில் வயதானவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது என்று மாற்றிச் சொல்லலாம். யாருக்கும் தெரிய வராது, வீட்டாருக்கும் சங்கடம் இல்லை.

"மாமாமேல் எனக்குக் கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்கிறார்," என்று சொன்னேன். நேசன் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்.

சிலர் முகம் சுளித்தார்கள். அவருடைய மனைவி பவானி அக்கா மட்டும் கண்ணைத் துடைத்துவிட்டுத் தலையாட்டினார். "எனக்கும் இருக்கு," என்றார். "அதையும் அவனுக்கு இங்கிலீசிலை சொல்லும்."